கம்ப்யூட்டர் படிக்கும் பையன் என்னும் ஊர்ப் பொதுச்சொத்து: மதுராந்தகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மதுராந்தகம் வட்டத்தின் பொதுச்சொத்துகளைப் பட்டியலிடுவோர் ஏரியைச் சொல்வார்கள், கோயிலைச் சொல்வார்கள், வேடந்தாங்கல் பறவைகளைச் சொல்வார்கள். தெருவுக்கு ஒருவனாகக் கிடைக்கும் ‘கம்ப்யூட்டர் படிக்கிற பையனை’ ஒருவரும் சேர்ப்பதில்லை. ஏரி நீரைத் திறக்க முறை உண்டு. கோயில் நடை சாத்த நேரம் உண்டு. இவனைப் பயன்படுத்துவதற்கு இரண்டும் இல்லை. இக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வரையறை

கம்ப்யூட்டர் பையன் என்பவன் பி.இ. கணினி அறிவியலில் எட்டாவது செமஸ்டர் படிப்பவன்; ப்ராஜெக்ட்டின் ஒரு ரிவியூவுக்கும் அடுத்த ரிவியூவுக்கும் இடைப்பட்ட நாட்களில் வீட்டில் தென்படுபவன். பெண்ணாயின் ‘கம்ப்யூட்டர் பொண்ணு’. வேலை ஒன்றேதான், வந்தவர்களுக்குக் காபியும் அவளே போட வேண்டும் என்பது மட்டும் கூடுதல்.

இவன் கற்றவை டேட்டா ஸ்ட்ரக்சர், கம்பைலர், டேட்டாபேஸ், ஆட்டோமேட்டா. பிரிண்டருக்கு மிக அருகில் இவன் சென்றது ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில்: ஸ்பூலிங் என்றால் என்ன என்ற இரண்டு மார்க் கேள்வி. அந்த இரண்டு மார்க்கை நம்பித்தான் ஊர் இவனைக் கூப்பிடுகிறது.

3. முன்னோடிகள்

இத்துறையின் பிரிண்டர் பிரிவுக்கு முதல்வர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்கில், எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் அடிக்கடி காகிதம் சிக்கி நின்றது. சிக்கியதும் பயனருக்குத் தகவல் போகும்படி நிரலைத் திருத்த விரும்பினார். மூல நிரலைக் கேட்டார்; கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து 1983இல் குனு திட்ட அறிவிப்பாயிற்று. கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்தது. அங்கே ஒரு தாள் சிக்கியதற்கு உலக இயக்கமே கண்டார்கள். இங்கே தாள் சிக்கினால், “இதுக்குத்தான் நாலு வருஷம் ஃபீஸ் கட்டினாங்களா?” என்பதோடு சரி.

இரண்டாம் முன்னோடி ஆலன் டூரிங். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடியாமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லக்கூடிய பொதுவழி இருக்க முடியாது என்பது அவருடைய 1936ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து பெறப்படும் முடிவு. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, “எப்பப்பா முடியும்?” என்று அத்தை கேட்கிறார். பையன் டூரிங்கைப் படித்தவன். தேர்வில் எழுதியும் இருக்கிறான். ஆனாலும் “ரெண்டு நிமிஷம் அத்தை” என்கிறான். கணினி அறிவியல் உறவுமுறைக்குள் நுழையும்போது கணிதம் வாசலிலேயே செருப்போடு நின்றுவிடுகிறது.

4. வகைப்பாடு

ஊர் கொண்டுவரும் சிக்கல்கள் நான்கு வகை.

அ. காகிதச் சிக்கல்: மேலே கண்டோம்.

ஆ. கடவுச்சொல் சிக்கல்: பாஸ்வேர்டு பெரியப்பாவின் தினசரி காலண்டரில் எழுதப்பட்டிருந்தது; அந்தத் தாள் கிழிக்கப்பட்டுவிட்டது. புதிதாக மாற்றலாமென்றால், ஓடிபி பெங்களூரில் இருக்கும் மகளின் எண்ணுக்குப் போகிறது. மகள் மீட்டிங்கில் இருக்கிறாள்.

இ. அரசுச் சிக்கல்: பட்டா, சிட்டா, ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல். இங்கே பையனின் அல்காரிதம் அறிவுக்கு வேலையே இல்லை. தாத்தாவின் இனிஷியல் ஆதாரில் ஒன்றாகவும் பத்திரத்தில் வேறாகவும் இருப்பதை எந்த அல்காரிதமும் தீர்க்காது.

ஈ. நிரம்பல் சிக்கல்: காலை வணக்கப் படங்களால் போன் நிரம்பிவிடுதல். இதை விளக்க ஏரியே போதும். முழுக் கொள்ளளவை எட்டியதும் மதுராந்தகம் ஏரி உபரி நீரைக் கலங்கல் வழியே கிளியாற்றுக்கு விட்டுவிடுகிறது. அத்தையின் போனுக்குக் கலங்கல் கிடையாது. பூக்கள் நடுவே “இனிய செவ்வாய்” என்றிருக்கும் படத்தை அழிக்க அவர் சம்மதிப்பதுமில்லை. அடுத்த செவ்வாய்க்கு வேண்டுமாம்.

5. ஒப்பாய்வு

மெக்கானிக்கல் படிப்பவனிடம் யாரும் மோட்டார் பம்பைக் கழற்றித் தருவதில்லை. அதற்கு மெக்கானிக் இருக்கிறார். சிவில் படிப்பவனிடம் வாஸ்து மட்டும் கேட்பார்கள். கம்ப்யூட்டருக்கும் பஸ் நிலையத்துப் பக்கம் பிரவுசிங் சென்டர் உண்டுதான். ஆனால் அங்கே காசு கேட்பார்கள். பெரியப்பாவின் பென்ஷன் விவரமும் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஊருக்குத் தேவை நிபுணன் அல்லன்; நம் வீட்டு ஆள்.

6. வரலாற்றுச் சான்று

பையனின் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றே: அணைத்துவிட்டுப் போடுதல். சரியாகிவிடும். ஏன் சரியாயிற்று என்று அவனுக்கும் தெரியாது. இதைக் குறை சொல்வோர் இவ்வூர் வரலாற்றை அறியாதவர்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். 1798இல் வேடந்தாங்கல் பறவைகளைக் காக்கக் கிராமத்தாருக்கு உரிமைச் சாசனம் அளித்தவரும் இவரே. அடிக்கடி உடையும் ஏரிக்கரை இவருக்குத் தலைவலியாக இருந்தது. ஒரு மழை இரவில் கரை உடையுமோ என்று பார்க்கப் போனவர், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்கக் கண்டார் என்பது ஊர்வழக்கு. கரை உடையவில்லை. அவர் ஊர் ராமர் கோயிலின் தாயார் சன்னதித் திருப்பணிக்கு உதவினார். பெருமாள் ஏரி காத்த ராமர் ஆனார்.

கரை எப்படி நின்றது என்று ஊர் விளக்கம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவருக்கு நன்றி சொன்னது. பையனுக்குக் கிடைக்கும் மரியாதையும் அதே மரபில் வந்ததுதான். அவன் அறிவுக்காக அழைக்கப்படவில்லை. இயந்திரம் மக்கர் செய்யும் நேரத்தில் அத்தை தனியாக இருக்கக்கூடாது, அவ்வளவே.

7. பரிந்துரைகள்

ஒன்று: ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் போனஃபைடு சான்றிதழில் கைடு, ஹெச்ஓடி கையெழுத்துகளுக்குக் கீழே அண்டை வீட்டார் கையெழுத்துக்கும் ஓர் இடம் விடலாம்.

இரண்டு: வைவாவில் ஒரு பிரிண்டர், ஒரு சிக்கிய தாள், ஐந்து நிமிடம் தரலாம்.

மூன்று: வெளித் தேர்வாளராக அத்தையையே அமர்த்தலாம். அவர் இதுவரை எவரையும் பெயிலாக்கியதில்லை. பாஸ் என்று சொன்னதுமில்லை. “அப்படியே இந்த டிவியையும் கொஞ்சம் பாத்துட்டுப் போப்பா” என்றுதான் சொல்லியிருக்கிறார்.