எண்ணெயும் வழிந்தது, அசடும் வழிந்தது

ஆளி விதை எண்ணெய் கெட்டுப்போனால் பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி வாடை வரும். ஒரு பாட்டிலைக் குடித்து முடிக்கிற தறுவாயில்தான் எனக்கு இது தெரிந்தது. அதுவரை, விலை கூடின எண்ணெய் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவந்தேன். குளிர்ந்த, இருட்டான இடத்தில் வைக்கச் சொல்லிப் பாட்டிலின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. நான் முன்பக்கம் மட்டும் படிக்கிற ஆள். எங்கள் ஊரான மண்டபத்தின் மே மாதத்தில், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தேன்.

பிறகு விசாரித்தால் விஷயம் இன்னும் கேவலம். காற்றுப் பட்டதும் இறுகிக் காய்ந்துவிடும் என்பதற்காகவே ஓவியர்களும் பெயிண்ட் தயாரிப்பவர்களும் பல நூறு வருஷமாக இந்த எண்ணெயை வாங்குகிறார்களாம். உடம்பு காய்கிறது என்று புலம்பிய நான் தேடிப்பிடித்துக் குடித்தது, காய்வதற்கே பேர்போன எண்ணெயை. மிச்சத்தை மகன் கேட்டு வாங்கிப்போய் கிரிக்கெட் மட்டையில் தடவினான். மட்டை நன்றாக இருக்கிறது.

நான் தமிழ் டீச்சர். ஐம்பதைத் தாண்டியாயிற்று. மண்டபத்தில் வீடு, பாம்பனில் பள்ளிக்கூடம். தினமும் ஸ்கூட்டரில் இந்திரா காந்தி பாலத்தைக் கடக்க வேண்டும். 1988இல் திறந்த, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துத்தான் ஓட்ட முடியும். ஹெல்மெட் உண்டு. அதன் முன்கண்ணாடி எப்போதோ உடைந்துவிட்டது. பின்னால் இது எனக்கு எதிரான சாட்சியாக வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணில் ஆரம்பித்தது. மணல் விழுந்த உறுத்தல். வறண்ட கண்ணிலிருந்துதான் தண்ணீர் அதிகம் கொட்டும் என்பது அப்போது தெரியாது. உறுத்தலுக்கு எதிர்வினையாகக் கண் அவசரமாக ஊற்றித் தள்ளும் நீர் அது, நிலைத்து நிற்காது. செய்யுள் நடத்தும்போது கண்ணைத் துடைத்தால் பிள்ளைகள் உருகிப்போனார்கள். அந்த மரியாதையைக் கெடுப்பானேன் என்று நானும் மறுக்கவில்லை. அடுத்தது மூக்கு: உள்ளே பொருக்குத் தட்டி, கைக்குட்டையில் ரத்தப் பொட்டு. அப்புறம் வாய்: மூன்றாம் பீரியடுக்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான்காவதாக ஒன்று உண்டு. தைரியம் வந்தால் பிறகு சொல்கிறேன்.

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லையாம். கண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளச் சளி, அதற்கு மேல் நீர், அந்த நீர் ஆவியாகாமல் மூடிவைக்க மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். இமை விளிம்பில் வரிசையாக இருக்கிற மைபோமியன் சுரப்பிகள் அந்த எண்ணெயைச் சுரக்கின்றன. வயதானால் அவை அடைத்துக்கொள்ளும். இதைக் காட்டிய வீடியோ, கடைசி நிமிஷத்தில் ஆளி விதையில் கொண்டுபோய் முடித்தது. கண்ணில் எண்ணெய் குறைந்தால் வாய் வழியே எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நான் நம்பிவிட்டேன். விளக்குக்கு எண்ணெய் விடுகிற கணக்குதான்.

பாட்டிலுக்கு முன்னால் விதையிலேயே தொடங்கினேன். முழுசு முழுசாக விழுங்கினேன். உமி உடையாத ஆளி விதை எப்படி உள்ளே போகிறதோ அப்படியே வெளியே வந்துவிடும் என்பதை நாகரிகம் கருதி இதற்கு மேல் விவரிக்கவில்லை. பொடித்துச் சாப்பிட்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் இருப்பது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்கிற ஒமேகா-3. அதை உடம்பு இபிஏ, டிஎச்ஏ என்று நீண்ட சங்கிலிக் கொழுப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாறுவது நூற்றில் பத்துக்கும் குறைவு. டிஎச்ஏ ஆவது அதிலும் சொற்பம்.

அந்த இரண்டும் தயாராக இருப்பது மத்தியிலும் நெத்திலியிலும். பாம்பன் கரையில் மீனுக்கு என்ன பஞ்சம்! ஆனால் எங்கள் வீடு சைவம். ஊரே மீனைத் தின்று எண்ணெய்ப் பசையோடு இருக்க, நான் எங்கோ விளைந்த விதையைத் தபாலில் வரவழைத்தேன்.

மீனும் அந்தக் கொழுப்பைத் தானே தயாரிப்பதில்லை, கடல்பாசியிலிருந்து பெறுகிறது என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாசியா? எங்கள் ஊர்ச் சரக்கல்லவா! மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆரம்ப காலத்தில் இயங்கியதே இந்த மண்டபம் முகாமில்தான். தலைமையகம் கொச்சிக்குப் போனது பிறகு. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் ஏராளம். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது கிடைத்தபோது பள்ளியில் கைதட்டச் சொன்னது நான்தான்.

என் வகுப்புப் பையனின் அம்மா பாசி எடுக்கிறவர். அவரிடம் ஒரு பை கஞ்சிப்பாசி வாங்கி வந்து கொதிக்க வைத்தேன். பானையில் ஜெல்லி உறைந்தது. உறையத்தானே செய்யும், அகர் அகர் எடுக்கிற பாசி அது! கையால் பறிக்கிற பாசிகளில் கொழுப்பு மிகக் குறைவு. மீனுக்குப் போவது கண்ணுக்கே தெரியாத நுண்பாசியின் கொழுப்பு. ‘பாசி’ என்றால் எல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் ளகர ழகரத்தைக் குழப்பினால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

மறுபடி பார்த்தபோது அந்த அம்மா கேட்டார்: “இதுல எண்ணெய் இருக்குன்னு யாரு டீச்சர் சொன்னா? கஞ்சி காய்ச்சத்தான் ஆகும். ஆமா, நாங்களே தண்ணிக்குள்ள கண்ணாடி மாட்டிக்கிட்டுத்தான் இறங்குறோம். நீங்க பாலத்துக் காத்துல வெறுங்கண்ணா வாறீக?”

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது விஞ்ஞானம்.

விஞ்ஞானம் என்ன சொன்னது என்பதையும் கேளுங்கள். 2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. கண் வறட்சியுள்ள 535 பேர். ஒரு பகுதியினருக்குத் தினமும் 3,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் ஒமேகா-3, மற்றவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆலிவ் எண்ணெய். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் கண் கொஞ்சம் தேறியிருந்தது, இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. நான் ஏங்கிய மீன் எண்ணெய்க்கே அந்தக் கதி. இதைப் படித்து நிம்மதி அடைந்திருக்கலாம். நானோ, ஆலிவ் எண்ணெயும் வேலை செய்கிறது என்பதுதான் இதன் பொருள் என்று முடிவுகட்டி அதற்கும் ஆர்டர் போட்டேன்.

இனி நான்காவது.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து, ஈரம் குறைந்து, எரிச்சலும் அரிப்பும் தொடங்குகின்றன. சிலருக்குச் சிறுநீர் போகும்போது எரியும், தாம்பத்தியம் வலிக்கும். எத்தனையோ பெண்களுக்கு வருவதுதான். ஆனால் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி எல்லாம் பேசுவோம். இதை ஒருத்தி சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அதனால் இணையத்தில் இரவில் தேடினேன். சீ பக்தார்ன் என்ற பழத்தின் எண்ணெய் கிடைத்தது. லடாக்கில் விளைவது, லே பெர்ரி என்று அங்கே சாறாகவும் விற்கிறார்கள். பழச்சதையின் எண்ணெயில் பால்மிட்டோலெயிக் அமிலம், அதாவது ஒமேகா-7, நிறைய. பின்லாந்தில் 2014இல் வெளியான ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மூன்று மாதம் தினமும் 3 கிராம் கொடுத்திருக்கிறார்கள். முடிவு வரை இருந்தவர்கள் 98 பேர். உட்சுவரின் உறுதி தேறியது எண்ணெய் குடித்தவர்களில் அதிகம் பேருக்கு. ஆனால் எல்லா அறிகுறிகளையும் சேர்த்துப் போட்ட மதிப்பெண்ணில் வித்தியாசம் தெளிவாக நிற்கவில்லை. சின்ன ஆய்வு, சின்னப் பலன். விற்கிறவர் இதில் முதல் பாதியைத்தான் போட்டிருந்தார். நானும் அதைத்தான் படித்தேன். பார்சலைப் பிரித்த கணவர், “இது எதுக்கு?” என்றார். கண்ணுக்கு என்றேன். மறுநாளிலிருந்து அவரும் கண்ணுக்காக ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் விழுங்கினால் டப்பா எத்தனை நாளைக்கு வரும்?

கடைசியில் பெண் மருத்துவரிடம் போனேன். “என்ன பிரச்சினை?” என்று கேட்டார். “மூட்டு வலி” என்றேன். கால்சியம் எழுதிக்கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த முறை, வாயால் சொன்னால்தானே கூச்சம் என்று தாளில் எழுதிக் கொண்டுபோனேன். தமிழ் டீச்சர் எழுதினால் எப்படியிருக்கும்? தெளிவான கையெழுத்தில், ஒற்றுப்பிழை இல்லாமல், ‘பிறப்புறுப்புச் சளிப்படல வறட்சி’. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “வறண்டு எரியுதாம்மா? இதுக்கா இவ்வளவு?” என்றார். ஈரப்பதம் தரும் ஜெல், சிலருக்குக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம், இரண்டும் இருக்கின்றன என்று விளக்கினார். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் ஆணுறை பயன்படுத்தினால், எண்ணெய் அந்த ரப்பரை இளக்கிவிடும் என்றும் சொன்னார். கிரீம் வேலை செய்தது. அவ்வளவுதான் கதை. லடாக் வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை.

கண் மருத்துவரிடம் நடந்தது இன்னும் பெரிய தலைகுனிவு. என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். ஆளி, ஆலிவ், லே பெர்ரி என்று பெருமையாகப் பட்டியல் வாசித்தேன். “எண்ணெய் இருக்கட்டும், மாத்திரை?” தும்மலுக்குத் தினமும் ராத்திரி ஒன்று போடுகிறேன் என்றேன். ஒவ்வாமை மாத்திரைகள் பலவும் கண்ணையும் வாயையும் மூக்கையும் உலர்த்துமாம். காலையில் ஈரத்துக்கு எண்ணெய், ராத்திரியில் வறட்சிக்கு மாத்திரை. இதற்குத்தான் இத்தனை நாள் காசு செலவழித்திருக்கிறேன். பிறகு ஹெல்மெட்டைப் பார்த்து, கண்ணாடி எங்கே என்றார். பாசி எடுக்கிற அம்மா காசு வாங்காமல் சொன்னதை ஃபீஸ் கட்டிக் கேட்டுக்கொண்டேன்.

கண்ணும் வாயும் சேர்ந்து விடாமல் வறண்டால் ஷோகிரன் நோயா என்று பார்க்க வேண்டும் என்று ரத்தப் பரிசோதனையும் எழுதினார். எனக்கு அது இல்லை. பெண்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கிற நோய். ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933இல் 19 பெண்களை வைத்து இதைப் பற்றி ஆய்வேடு எழுதினார். அதற்குப் பல்கலைக்கழக வேலைக்குப் போதுமான மதிப்பெண் கிடைக்கவில்லை. இன்று உலகம் முழுக்க அந்த நோய்க்கு அவர் பெயர். மதிப்பெண் போடுகிற கை என்பதால் எனக்கு இது கொஞ்சம் சுட்டது.

விளக்கெண்ணெயைக் கண்ணில் விட்டுக்கொண்டு பாலத்தில் ஏறிய காலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகும் 1914ஆம் வருஷத்துப் பழைய பாலம் பக்கத்திலேயே நின்றது. இரண்டாகத் தெரிவது பாலமா, என் கண்ணா என்று புரியாமல் வண்டியை ஓரங்கட்டினேன். சமையலறை எண்ணெய் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. அது கிருமி நீக்கியது அல்ல.

உருப்படியாக வேலை செய்தது எங்கள் வீட்டு நல்லெண்ணெய்தான், அதுவும் மூக்குக்கு. 2001இல் ஸ்வீடனில் குளிர்கால மூக்கு வறட்சிக்குச் சுத்தமான எள்ளெண்ணெயையும் உப்புநீரையும் ஆளுக்கு 14 நாள் வீதம் மாற்றி மாற்றித் தெளித்துப் பார்த்தார்கள். வறட்சி, அடைப்பு, பொருக்கு மூன்றிலும் எள்ளெண்ணெய் முந்தியது. ஒலெயிக், லினோலெயிக் என்ற இரண்டு கொழுப்பமிலங்களே அதில் பெரும்பங்கு. இதைச் சொன்னதும் மாமியாருக்கு ஸ்வீடன் மேல் மரியாதை வந்துவிட்டது. அவர் சொற்படி மல்லாந்து படுத்துத் தாராளமாக ஊற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பதிவேட்டில் சொட்டியது. இப்போது மருத்துவர் சொன்ன தெளிப்பான் மட்டும், அளவாக.

“உம் புருஷனுக்கே பச்சைப்புள்ளையில மூக்குல எண்ணெய் விட்டுத்தான் குளிப்பாட்டுனேன்” என்பார் அத்தை. என் மகனுக்கு நானும் விட்டேன். எண்ணெய் இருமலைக் கிளப்பாமல் நழுவி நுரையீரலுக்குள் இறங்கும், அங்கே தங்கி நிமோனியாவாகும். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி வருவதைப் பற்றி 1973லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்திருக்கிறது. என் மகன் தப்பியது என் சாமர்த்தியத்தால் அல்ல. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உடம்புக்கு எண்ணெய் தடவுங்கள். மூக்கில் மட்டும் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள், பாட்டி எவ்வளவு கோபித்துக்கொண்டாலும்.