கோழிக்குத் தடை போட்ட டாக்டர்

1986 உலகக் கோப்பையை அர்ஜென்டினாவுக்கு வாங்கிக் கொடுத்தது யார்? மாரடோனா என்பீர்கள். இருக்கட்டும். மைதான ஓரத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாரே, நீள மூக்கோடு ஒருத்தர்? அவர்தான் கோச் கார்லோஸ் பிலார்டோ. பெண்கள் நல மருத்துவர். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்.

டாக்டர் என்றால் சயின்டிஃபிக்காகத்தானே யோசிப்பார்? போட்டி நடந்த மெக்சிகோவில் வீரர்கள் யாரும் கோழிக்கறியைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். கொழுப்பா, கிருமியா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கோழி ராசியில்லையாம்!

முதல் மேட்சுக்கு முன்னால் ஒரு வீரரிடம் பற்பசை கடன் வாங்கினார். டீம் ஜெயித்தது. அவ்வளவுதான், அப்புறம் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் கடன்தான். இத்தனைக்கும் மெக்சிகோவுக்குக் கிளம்பும் முன், ‘இந்த ஆளை முதலில் மாற்றுங்கள்’ என்று அரசாங்கத் தரப்பிலிருந்தே நெருக்கடி. பாவம், மந்திரிகளுக்குப் பற்பசையின் மகிமை தெரியவில்லை.

காலிறுதியில் இங்கிலாந்து. மதிய வெயிலில் நீலச் சட்டை கனக்கும், வியர்வையில் ஊறும் என்று பிலார்டோவுக்குக் கவலை. உடனே மெக்சிகோ சிட்டி கடைகளில் லேசான சட்டை தேடி ஆள் ஓடியது. கிடைத்த சட்டைகளில் அவசர அவசரமாக ஒட்டியதோ அமெரிக்கன் ஃபுட்பாலுக்கான வெள்ளி எண்கள்! மாரடோனா கையால் தட்டி கோல் போட்ட, சரித்திரப் புகழ்பெற்ற ‘கடவுளின் கை’ நீண்டது இந்த ரெடிமேட் சட்டைக்குள்ளிருந்துதான்.

ஃபைனலில் மேற்கு ஜெர்மனி. அர்ஜென்டினாவுக்கு இரண்டு கோல் முன்னிலை, ஜாலியாக இருந்தார்கள். ஜெர்மனி கார்னர் கிக்கிலிருந்தே இரண்டையும் திருப்பிக் கொடுத்தது. கடைசியில் அர்ஜென்டினாவின் புருச்சாகா ஒரு கோல் அடிக்க, 3-2. உலக சாம்பியன்! நாடே தெருவில் ஆடுகிறது. நம்மவர் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருக்கிறார். ‘கார்னரில் எப்படிய்யா இரண்டு கோல் விட்டீங்க?’ என்பதுதான் அவர் கவலை. பொண்ணு மாப்பிள்ளையை விட்டுவிட்டு ரசத்தில் உப்பு கம்மி என்று புலம்பும் மாமாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிற்பாடு ஸ்பெயினில் செவியா கிளப்புக்கு கோச். லா கொருன்யாவில் ஒரு மேட்ச். அங்கேயும் அவர் டீமில் ஆடிய மாரடோனாவோடு மோதிய எதிரணி வீரர் கீழே கிடக்கிறார். செவியாவின் பிசியோ, மனசு கேட்காமல், அவரையும் கவனிக்கப் போனார். வைத்தியம் படித்த நம்ம பிலார்டோ துள்ளி எழுந்தார். டிவி மைக்குகளில் தெளிவாகப் பதிவானது டாக்டரின் பிரிஸ்கிரிப்ஷன்:

“மிதி அவனை!”