பாதாளத் திணை: வேற்றுக்கிரகத் தடுப்பு அலுவலகங்களின் முதல், கரு, உரி

ஆய்வுச் சிக்கலும் எல்லையும்

வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்தால் என்ன ஆகும் என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதித் தீர்த்துவிட்டார்கள். அவர்களுக்கு எத்தனை கண், எத்தனை கை, இரத்தம் பச்சையா நீலமா என்பதெல்லாம் அலசப்பட்டாயிற்று. ஆனால் அவர்களைத் தடுக்கும் இரகசிய அலுவலகத்தில் வருகைப் பதிவேடு யாரிடம் இருக்கிறது, சம்பளப் பட்டியலில் கையெழுத்து யாருடையது, பயணப்படி உண்டா என்ற அடிப்படைக் கேள்விகளை அறிஞர் எவரும் எழுப்பவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் இது: அறிவியல் புனைகதை எழுதுவோரால் எந்த உயிரினத்தையும் கற்பனை செய்ய முடிகிறது, அலுவலகத்தை மட்டும் முடிவதில்லை. இருப்பதை அப்படியே பெயர்த்தெடுத்து நிலத்துக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள்.

ஆய்வு எல்லை பிரிட்டனும் அமெரிக்காவும். காலம் 1968 முதல் 2019 வரை. தொலைக்காட்சித் தொடர்கள், திரைப்படங்கள், ஒரு கணினி விளையாட்டு ஆகியவை முதன்மைச் சான்றுகள். களஆய்வு முழுவதும் சாய்வு நாற்காலியில் நிகழ்த்தப்பட்டது. ஆய்வு முறை, தொல்காப்பியர் அகத்திணைக்கு வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்று. காதலுக்கு வகுத்த முறை அரசு அலுவலகத்துக்கு எப்படிப் பொருந்தும் எனின், இரண்டிலும் பெரும்பொழுது காத்திருப்பதிலேயே கழிவதால் பொருந்தும் என்க.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

இத்திணைக்கு நிலம் பாதாளம். 1970-இல் வந்த ‘யுஎஃப்ஓ’ தொடரில் ஷேடோ என்ற அமைப்பு ஒரு சினிமாப் படப்பிடிப்பு நிலையத்துக்கு அடியில் இயங்குகிறது. அதன் தளபதி ஸ்ட்ரேக்கர் ஊருக்குச் சினிமாக்காரர். அவருடைய அறையே மேசை நாற்காலியோடு மின்தூக்கியாகிக் கீழே இறங்கும். ‘ஸ்டார்கேட்’ தொடரின் அலுவலகம் கொலராடோ மாநிலத்துச் செயென் மலைக்குள், 28-ஆம் கீழ்த்தளத்தில். ‘டார்ச்வுட்’ தொடரில் அதே பெயர்கொண்ட நிறுவனம் கார்டிஃப் விரிகுடாவை ஒட்டிய சதுக்கத்துக்குக் கீழே. 1997-இல் வெளியான ‘மென் இன் பிளாக்’ படத்தின் தலைமையகத்துக்கு வழி, நியூயார்க்கின் புரூக்ளின்-பேட்டரி சுரங்கச்சாலைக்குக் காற்று அனுப்பும் கட்டடத்துக்குள். உள்ளே நுழைந்தால் ஒரு பெரிய விசிறி, ஒரு நாற்காலி, அதில் ஒரு காவலாளி. அவர் படித்துக்கொண்டிருக்கிறார். அண்டசராசரத்தின் பாதுகாப்பு அவருக்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

பாதாளத்துக்குக் காரணம் இரகசியம் என்பாரும் உளர். அஃது அன்று. என்னை? 1993-இல் தொடங்கிய ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரில் எஃப்பிஐ அதிகாரி முல்டர் தலைமையகத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பது இரகசியம் கருதி அன்று. மேல்மாடியில் அவரை யாரும் வேண்டவில்லை. பயனற்றது என்று மேலிடம் கருதும் பிரிவுக்குப் படிக்கட்டுக்கு அடியில் இடம் ஒதுக்குவது உலக வழக்கு. அவ்வழக்கே புனைவில் ‘இரகசியத் தளம்’ என்று மதிப்புயர்வு பெற்றது.

பொழுதைப் பொறுத்தமட்டில் பெரும் பிணக்கு உண்டு. ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1968-இல் அறிமுகமான யூனிட் என்னும் படைப்பிரிவு எந்த ஆண்டுகளில் இயங்கியது என்பது இன்றுவரை தீராத வழக்கு. 1975-இல் ஒளிபரப்பான ஒரு கதையில், யூனிட்டோடு பழகிய சாரா ஜேன், தான் 1980-ஐச் சேர்ந்தவள் என்கிறாள். 1983-இல் வந்த இன்னொரு கதையோ, அதன் தலைவர் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் 1976-இலேயே ஓய்வு பெற்று ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராகிவிட்டார் என்கிறது. இரண்டையும் ஏற்றால் அவர் பணிக்காலம் முடியும் முன்பே ஓய்வு பெற்றவர் ஆகிறார். ரசிகர்கள் இதைக் காலப்பயணக் குழப்பம் என்று சிக்கலாக்கிக்கொண்டார்கள். பணிப்பதிவேட்டில் தேதி தப்பாக ஏறியிருக்கிறது; அதைத் திருத்த வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்பதே இவ்வாய்வாளர் துணிபு.

கருப்பொருள்: மக்கள், உடை, உணவு, கருவி

மக்கள் தேர்வு பற்றி ‘மென் இன் பிளாக்’ படம் அரிய சான்று தருகிறது. படையிலிருந்து பொறுக்கியெடுத்த வீரர்கள் ஓர் அறையில் முட்டை வடிவ நாற்காலிகளில் அமர்த்தப்படுகிறார்கள். வினாத்தாள் கையில் உண்டு, பென்சில் உண்டு, வைத்து எழுத மேசை மட்டும் இல்லை. தாளைத் தொடையில் வைத்துக் குத்திக் கிழிக்கிறார்கள். நாற்காலியில் உடம்பை வளைத்து நெளிகிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. வில் ஸ்மித் ஏற்ற இளைஞன் மட்டும் எழுந்துபோய், நடுவில் கிடக்கும் கனத்த மேசையைத் தரை கிறீச்சிடத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். வேலை அவனுக்குக் கிடைக்கிறது. தளவாடம் இல்லாத அலுவலகத்தில், பக்கத்துப் பிரிவின் மேசையைக் கூச்சமில்லாமல் இழுத்துவரத் தெரிந்தவரே பிழைப்பார் என்ற நிர்வாக உண்மையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய நூல் இல்லை. தோற்றவர்களுக்கு நினைவழிப்பு. மறுமதிப்பீடு கோரி எவரும் விண்ணப்பிக்காத ஒரே போட்டித் தேர்வு இதுவே.

இதற்கு நேர்மாறானது யூனிட்டின் நியமனம். 1970-இல் பூமிக்கு நாடுகடத்தப்பட்ட தொடர் நாயகரான டாக்டர், அறிவியல் ஆலோசகராகச் சேரும்போது சம்பளம் வேண்டாம் என்கிறார். ஆய்வு வசதிகளும், தான் மருத்துவமனையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்ததைப் போல ஒரு பழைய காரும் போதும் என்கிறார். சம்பளம் வேண்டாம் என்ற அந்த ஒரே அதிகாரி மனிதர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

உடைக்குக் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் பெரும்பான்மை. ஷேடோவின் நிலவுத் தளத்தில் பெண்கள் ஊதாநிறப் பொய்முடி அணிவர். ஏன் என்று தொடர் எங்கும் விளக்கவில்லை. அரசு ஆணை அப்படி என்று கொள்க.

உணவு காபியும் பீட்சாவும். மென் இன் பிளாக் தலைமையகத்தில் காபி இருக்கும் இடத்தில் எப்போது பார்த்தாலும் புழு வடிவ வேற்றுக்கிரகவாசிகள் நின்று அரட்டையடிக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் அல்ல, கோள் விட்டுக் கோள் வந்தவர்களும் ஓர் அரசு அலுவலகத்தில் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

கருவிகளுள் தலையாயது நினைவழிப்பான். மென் இன் பிளாக்கில் பேனா போன்ற ஒரு குழாயிலிருந்து பளிச்சென்று ஒளி. டார்ச்வுட்டில் பானத்தில் கலந்து கொடுக்கும் மாத்திரை. சாட்சிக்கு மறதி, அலுவலகத்துக்கு நிம்மதி. மனு கொடுத்தவருக்கே மனு கொடுத்தது மறந்துபோகும்வரை கோப்பை வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். அறிவியல் அதை ஒரு நொடியில் முடித்துக் காட்டியது.

களவு, கற்பு, அலர்

அரசுக்குத் தெரிந்து, அரசுப் பணத்தில் நடப்பது கற்பு. தெரியாமல் நடப்பது களவு. மென் இன் பிளாக் களவு. 1950-களில் போதிய நிதியில்லாத ஒரு சின்ன அலுவலகமாகத் தொடங்கியது என்று மூத்தவர் கே சொல்கிறார். இப்போதோ அரசிடம் கையேந்துவதில்லை. வந்துபோகும் வேற்றுக்கிரகவாசிகளிடம் பறித்த பொருள்களின் காப்புரிமையில் பிழைக்கிறது: மைக்ரோவேவ் அடுப்பு, வெல்க்ரோ ஒட்டுப்பட்டை, கொழுப்புறிஞ்சும் சிகிச்சை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அமைப்புகளுள் மானியக் கோரிக்கையே வைக்காதது இது ஒன்றுதான். சோர்வில்லாமல் வேலை நடப்பதும் இது ஒன்றில்தான்.

களவு என்றால் அலர் எழும். டார்ச்வுட், அரசுக்கும் காவல்துறைக்கும் அப்பாற்பட்டது என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் அமைப்பு. விக்டோரியா மகாராணி 1879-இல் தோற்றுவித்ததாகக் கதை. இவ்வளவு இரகசியமான அமைப்பு தன் வண்டியின் மேல் தன் பெயரைப் பொறித்துக்கொண்டு ஊர் சுற்றுகிறது. அந்தப் பெயரிலேயே பீட்சா வரவழைக்கிறது. 2006-இல் வந்த முதல் அத்தியாயத்தில் கிவென் என்ற காவலர் கையில் பீட்சாப் பெட்டியோடுதான் தளத்துக்குள் நுழைகிறாள். இரண்டாம் பருவத் தொடக்கத்தில் வண்டி தெருவைக் கடக்கும்போது ஒரு கிழவி, ‘சனியன் பிடித்த டார்ச்வுட்’ என்கிற பாவனையில் முணுமுணுக்கிறாள். அலர் தூற்றும் சேரிப் பெண்டிரை விடாமல் பாடிய சங்கப் புலவர்கள் இக்கிழவிக்கு ஒரு பாட்டாவது ஒதுக்கியிருப்பார்கள்.

உரிப்பொருள்

இத்திணையின் உரிப்பொருள் நிதி. படையெடுப்பு, விண்கலம், கதிர்த்துப்பாக்கி எல்லாம் இதற்குப் பின்புலமே. அகத்திணைக்குரிய ஐந்து ஒழுக்கமும் இதில் காணக் கிடக்கின்றன.

இருத்தல். 1994-இல் வந்த ‘யுஎஃப்ஓ: எனிமி அன்னோன்’ விளையாட்டில் எக்ஸ்-காம் என்ற உலகப் பாதுகாப்புப் படைக்கு 16 நாடுகள் மாதாமாதம் பணம் தருகின்றன. மாதக் கடைசியில் அறிக்கை போகும். திருப்தியில்லாத நாடு தொகையைக் குறைக்கும். மதிப்பெண் தொடர்ந்து சரிந்தால் படையையே கலைத்துவிடுவார்கள். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் விண்கலத்தைச் சுட்டு வீழ்த்தியதும் உலகம் பிழைத்தது என்று மகிழ்வதில்லை. கைப்பற்றிய துப்பாக்கிகளுக்கு என்ன விலை கிடைக்கும் என்று பார்க்கிறார். லேசர் பீரங்கி செய்து விற்று வண்டி ஓட்டுவது இவ்விளையாட்டில் நன்கறிந்த உத்தி.

ஊடல். ஷேடோவின் ஸ்ட்ரேக்கருக்கும், பணம் ஒதுக்கும் ஆணையத் தலைவர் ஜெனரல் ஹெண்டர்சனுக்கும் இடையில் தொடர் நெடுகிலும் நிகழ்வது. ஒருவர் உலகம் அழியப் போகிறது என்பார். மற்றவர் போன தடவை கொடுத்த பணம் என்னாயிற்று என்பார். தூது செல்லத் தோழி இல்லாமையால் இவ்வூடல் தணியவே இல்லை.

இரங்கல். ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ ஏழாம் பருவத்தின் இறுதி அத்தியாயம், 2000. ஏழு ஆண்டு ஆவியையும் அரக்கரையும் வேற்றுக்கிரகவாசிகளையும் கண்டு கலங்காத முல்டர், ஒரு தணிக்கையாளர் முன் உட்கார்ந்திருக்கிறார். வாடகைக் கார் செலவு ஏன்? தங்கும் விடுதியில் அவருக்கும் சக அதிகாரி ஸ்கல்லிக்கும் ஒரே அறை எடுத்திருக்கலாமே? முல்டரையும் ஸ்கல்லியையும் ஏழு ஆண்டாக ஒரே அறைக்குள் பார்க்கத் துடித்த இலட்சக்கணக்கான ரசிகர்களின் ஏக்கத்தைத் தணிக்கைத் துறை ஒரு சிக்கன ஆலோசனையாக முன்வைத்தது இலக்கிய வரலாற்றில் தனித்த நிகழ்ச்சி.

பிரிதல். 2019 புத்தாண்டன்று ஒளிபரப்பான ‘டாக்டர் ஹூ’ கதையில், டாலெக் என்னும் கொலைவெறி பிடித்த வேற்றுக்கிரக உயிர் ஒன்று இங்கிலாந்தில் திரிகிறது. டாக்டர் பதறி யூனிட்டை அழைக்கிறார். எடுத்தது வாடிக்கையாளர் சேவை மையத்துப் பெண். பன்னாட்டுக் கூட்டாளிகள் பணத்தை நிறுத்தியதால் மறுஆய்வு முடியும்வரை யூனிட்டின் பணிகள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன என்று பணிவாகத் தெரிவிக்கிறாள். சைபர்மேன், ஆட்டன் முதலிய வேற்றுக்கிரகப் படையெடுப்பாளர்களாலும் அசைக்க முடியாத படை அது.

புணர்தல். ஒதுக்கீடு முழுமையாகக் கைசேரும் இன்பம். இதற்கு ஒரே சான்று, 1996-இல் வந்த ‘இண்டிபெண்டன்ஸ் டே’. சுத்தியல் ஒன்றுக்கு 20,000 டாலர், கழிப்பறை இருக்கைக்கு 30,000 டாலர் என்று அரசு கணக்கெழுதுகிறதே, அது நிஜமென்றா நினைத்தீர்கள் என்று ஒரு முதியவர் கேட்கிறார். மிச்சப் பணமெல்லாம் ஏரியா 51 என்ற இரகசியத் தளத்தின் பாதாளத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் நாட்டின் ஜனாதிபதிக்கே அது தெரியாது. எனவே இத்திணையில் புணர்ச்சி களவில் மட்டுமே நிகழும் என்பது பெறப்பட்டது.

மெய்ம்மையோடு ஒப்பீடு

புனைவாசிரியர்கள் மிகைப்படுத்தினார்களா என்று அறிய நடப்புலகச் சான்றுகளும் பார்க்கப்பட்டன. அமெரிக்க விமானப்படை ஓஹியோ மாநிலத்து ரைட்-பேட்டர்சன் தளத்தில் ‘புளூ புக்’ என்ற திட்டத்தை 1952 முதல் 1969 வரை நடத்தியது. அதற்கு முந்தைய திட்டங்களையும் சேர்த்து 1947 தொடங்கிப் பதிவான அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் தகவல்கள் 12,618. அவற்றில் 701 கடைசிவரை விளங்கவில்லை. விளங்காதவற்றோடு சேர்த்து அலுவலகத்தையும் மூடினார்கள். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் இதற்கென வைத்திருந்த பிரிவை, ஐம்பது ஆண்டுக்கு மேலாக வந்த தகவல் எதுவும் நாட்டுக்கு ஆபத்து என்று காட்டவில்லை என்று சொல்லி 2009-இல் மூடியது. ஐ.நா. சபையில் இதற்கென ஓர் அமைப்பு வேண்டுமென்று விடாமல் வாதாடியவர் கிரெனடாவின் பிரதமர் எரிக் கேரி. 1979 மார்ச்சில் அவர் வெளிநாட்டில் இருந்தபோது ஊரில் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள். மேலே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஆபத்து பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. பிரான்சின் விண்வெளி ஆய்வு மையம் துலூஸ் நகரில் 1977-இல் தொடங்கிய பிரிவு மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு இன்றும் நடக்கிறது.

செயென் மலையில் உண்மையாகவே அமெரிக்கப் படைத்தளம் உண்டு. அங்கே ஒரு கதவில் ‘ஸ்டார்கேட் கமாண்ட்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். திறந்தால் துடைப்பம் வைக்கும் அறை.

முடிவுகள்

ஒன்று: ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அலுவலகங்கள் எவற்றையும் வேற்றுக்கிரகவாசிகளால் நிரந்தரமாக ஒழிக்க முடியவில்லை. யூனிட்டை முடக்கியது பண நிறுத்தம். கார்டிஃப் டார்ச்வுட் தளத்தை 2009-இல் வெடிவைத்துத் தகர்த்தது பிரிட்டிஷ் அரசே. 1965-இல் வேற்றுக்கிரகத்தாரோடு செய்துகொண்ட பேரம் ஒன்றின் பழைய கோப்பு வெளியே வந்துவிடக் கூடாது என்பது காரணம்.

இரண்டு: பூமியைத் தாக்க நினைக்கும் வேற்றுக்கிரகத்தார் விண்கலமும் கதிர்க்கருவியும் கட்டிச் செலவழிப்பது அறிவீனம். நிதியாண்டு முடியும்வரை பொறுத்திருந்து, ஒரு தணிக்கை ஆட்சேபணை அனுப்பினால் போதும்.

மூன்று: நினைவழிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்று ஆகாது. முதல் ‘மென் இன் பிளாக்’ படத்தின் முடிவில் கே தன் நினைவை அழிக்கச் செய்துகொண்டு பணியிலிருந்து விலகுகிறார். எங்கே வேலை பார்த்தோம் என்றே தெரியாதவர் எந்த அலுவலகத்தில் ஆயுள் சான்று கொடுப்பார்? 2002-இல் வந்த இரண்டாம் படம் இதற்கு விடை சொல்கிறது. எல்லாம் மறந்துபோன கே, மாசசூசெட்ஸ் மாநிலத்து ட்ரூரோ என்னும் சிற்றூரில் தபால் நிலையம் ஒன்றின் தலைவராக உட்கார்ந்திருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் வேற்றுக்கிரகவாசிகள். அது அவருக்குத் தெரியாது. எந்த ஒளியாலும் அழிக்க முடியாத நினைவு ஒன்று அவருக்குள் எஞ்சியிருந்திருக்கிறது: அரசு உத்தியோகம்தான் நிரந்தரம்.