குதிருக்குள் இருந்தவர்

‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று உளறிய பிள்ளையின் கதை ஊரறிந்தது. தஞ்சாவூர்ச் சீமையில் என் பாலியப் பருவம் கழிந்த வீட்டின் நெற்குதிருக்குள்ளோ, வாடகையும் கொடாமல் வரியும் கொடாமல், ஸ்ரீமான் பூச்சாண்டி நிரந்தரவாசம் செய்துவந்தார். அவருக்குக் கண் மூன்று என்பதில் பாட்டிக்குச் சந்தேகமே கிடையாது. பல்லின் நீளமும் சடையின் பருமனும் மட்டும், கிண்ணத்தில் மிஞ்சியிருக்கும் தயிர்ச்சாதத்தை அனுசரித்து நாளுக்கு நாள் மாறும். “பூச்சாண்டி, வாடா! இந்தப் பிள்ளை உருண்டையை வாங்கமாட்டேங்குது, பிடிச்சுக்கிட்டுப் போ” என்று அவள் குதிர்ப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்த மாத்திரத்தில், அதுவரை இறுக மூடியிருந்த என் வாய் திறந்துகொள்ளும்.

ஆனால், வரவழைத்தவரைத் திருப்பி அனுப்பும் சம்பிரதாயம் மட்டும் பாட்டியிடம் இல்லாதபடியால், அவர் இரவு முழுவதும் குதிருக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவே உலாத்திக்கொண்டிருந்தார். அந்த வழியே போக அஞ்சிப் படுத்துக்கிடந்த என்னுடைய கோரைப்பாய் விடிவதற்குள் என்ன கதியை அடைந்தது என்பதை இந்த வயதில் விஸ்தரிக்க விருப்பமில்லை. அதற்குப் பரிகாரமாக, மாரியம்மன் கோயில் பூசாரியின் வேப்பிலை, பள்ளிவாசலில் ஓதி ஊதுதல், அரைஞாணில் ஒரு தாயத்து என்று செலவழித்தவளும் அதே பாட்டிதான். “பிள்ளை எங்கேயோ எதையோ பார்த்துப் பயந்திருக்கு” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தாள். எங்கேயோவாம்!

பிற்காலத்தில் மனோதத்துவ நூல்களைப் புரட்டியபோது, 1920-ல் அமெரிக்காவில் வாட்ஸன் என்ற பண்டிதர், கைக்குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து, எலிப்பயத்தை உண்டாக்கி, தெளிவிக்காமலே விட்டுவிட்டார் என்று படித்தேன். பாட்டியின் கோத்திரம் போலும். 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையாரோ, முயலென்றால் நடுங்கிய, மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிரியமானதைத் தின்னக் கொடுத்து, அவன் தின்பது தடைப்படாத தூரத்தில் முயல் கூண்டை வைத்து, சிறுகச் சிறுக நெருக்கிக் கொண்டுவந்து, கடைசியில் அவனே முயலைத் தடவிக்கொடுக்கும்படி செய்துவிட்டாராம். தீனியைக் காட்டிப் பயத்தை இறக்கினார் அவர். பயத்தைக் காட்டித் தீனியை இறக்கினாள் பாட்டி. சாமான்கள் என்னவோ ஒன்றேதான். எங்கள் பூச்சாண்டிக்குக் கூண்டுதான் இல்லை.

இரண்டையும் ஒருங்கே ஊட்டியதன் பலன், பாட்டியும் அந்த அம்மையாரும் எதிர்பாராத விதமாக என்னிடம் விளைந்திருக்கிறது. இன்றும் இரவில் மின்சாரம் நின்று வீடு இருண்டுவிட்டால், என் மனைவி மெழுகுவத்தியைத் தேடுகிறாள். நான் தயிர்ச் சட்டியைத் தேடுகிறேன்.