தேர்ஃபோர் போடுமுன் வானத்தைப் பாருங்கள்

அருப்புக்கோட்டைப் பக்கம் இங்கிலீஷில் மனு எழுத உட்காருகிறவர்கள் முதல் வேலையாக ‘தேர்ஃபோர்’ என்ற சொல்லைப் பரணில் ஏற்றிவிட வேண்டும். காரணத்துக்குப் பின்னாடியே காரியம் வருகிற ஊர்க்காரர்களுக்கு உண்டானது அது. மழை பெய்தது, தேர்ஃபோர் கண்மாய் நிறைந்தது என்று எழுதிப் பாருங்கள், ஊரே சிரிக்கும். வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம்.

நமக்கென்று வாய்த்தது ‘நெவர்தலெஸ்’. போன வருஷம் மல்லி கருகியது (கொத்தமல்லியைச் சொல்கிறேன், பூவை இல்லை). நெவர்தலெஸ், இந்த ஐப்பசிக்கும் விதை வாங்கியாயிற்று. கரிசல்காட்டுச் சம்சாரி சுயசரிதை எழுதினால் தலைப்புக்கு வேறெங்கும் அலைய வேண்டாம்.

‘ஹௌஎவர்’தான் ஆளைக் கவிழ்ப்பது. ‘பட்’ நுகத்தடி மாதிரி, இரண்டு வாக்கியத்தையும் பூட்டிவிடும். ‘ஹௌஎவர்’ வெறும் சலங்கை. கழுத்தில் கட்டினாலும் காலில் கட்டினாலும் சத்தம் வரும், வண்டியைப் பூட்டாது. அதனால் வாக்கியத்தின் தலையில் வந்தால் அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, பின்னால் காற்புள்ளி. ‘தி ரெயின், ஹௌஎவர், ஃபெயில்ட்’ என்று நடுவிலும் கட்டலாம். இரண்டு பக்கமும் காற்புள்ளி போதும். ‘ஆல்தோ’வில் ஆரம்பித்து ‘பட்’டில் முடிப்பவர்களுக்கு ஒரு கேள்வி: ‘பெய்தாலும் ஆனால் விளையவில்லை’ என்று வீட்டில் பேசுவீர்களா? ‘மோர்ஓவர்’ போட, மேற்கொண்டு சொல்ல ஒரு சங்கதி இருக்க வேண்டும். மனு கனமாகத் தெரிவதற்காகத் தூவக் கூடாது.

மண்டையில் ஏறவில்லையா? பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் மதுரையில் படித்தபோது, பெய்னின் ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதிவரும் தண்டனை கிடைத்தது. 1896 ஆகஸ்ட் 29 அன்று இரண்டு தடவை எழுதி முடித்தவர், மூன்றாவதில் அலுத்துத் தாளைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே திருவண்ணாமலைக்குப் புறப்பாடு. பிற்பாடு ரமண மகரிஷி. (பரீட்சைக்கு முந்தின நாள் இந்த வழியை முயல வேண்டாம்.)

அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு தமிழில் ஒரு சீட்டு எழுதி வைத்தார். கிளம்பியது நல்ல காரியத்துக்கு, யாரும் விசனப்பட வேண்டாம் என்பது விஷயம். இரண்டுக்கும் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ‘ஆகையால்’ இருக்கிறது. கையெழுத்து வர வேண்டிய இடத்தில்தான் வெறும் கோடு.