ஒரு லிட்டர், இரண்டே கால் கிலோ

கேள்வி: ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். எரிந்தால் அதைவிட மூன்று மடங்கு எடையில் கரியமில வாயு வருமாமே, எப்படி?

பதில்: கல்யாண வீட்டுக் கணக்குதான். பத்திரிகை போவது ஒருவருக்கு, பந்தியில் உட்காருவது மூவர்! பெட்ரோலிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் கைப்பிடித்து அழைத்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் கரியமில வாயுவாகிவிடும். அதனால்தான் லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, டீசல் என்றால் 2.7 கிலோவை நெருங்கும்.

நகரத்துக்குள் இன்னும் மோசம். சிக்னலில் நிற்கும் வண்டி ஓர் அடிகூட நகராமல் எரிபொருளைக் குடிக்கிறது. நின்று நின்று கிளம்பும்போது கூடுதலாகக் குடிக்கிறது. காற்று அசையாத காலை வேளையில் அந்தப் புகை கலையாமல் தெருவிலேயே தங்கிவிடும்.

இந்த நெரிசலைக் குறைக்க முடியும். சுவீடனின் தலைநகரம் ஸ்டாக்ஹோம் செய்து காட்டியிருக்கிறது. தீவுகள்மேல் அமைந்த ஊர், நுழையப் பெரும்பாலும் பாலங்கள்தான் வழி. 2006 ஜனவரியில் நுழைவிடங்களில் கேமராக்களை வைத்து, பரபரப்பான நேரத்தில் சோதனையாக 20 குரோனர் கட்டணம் போட்டார்கள். எல்லையைக் கடந்த வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஜூலையில் சோதனை முடிந்ததும் நெரிசல் மீண்டும் ஏறியது. செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது, முதலில் முணுமுணுத்த நகர மக்களே பாதிக்கு மேல் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டிலிருந்து கட்டணம் நிரந்தரம்.