கழுவிப் பாவிக்கிற அண்ணை

கழுவிப் பாவிக்கிற அண்ணை காரின் எயார் பில்டரைக் குப்பையில் போடாதவர். நோர்வேயின் திராமன் நகரில் ஐம்பது வயது தாண்டிய தமிழர் நாலுபேர் கூடுமிடத்தில் ஒருவர் இவராக இருப்பார். தொழிலோ ஊரோ இவரை அடையாளம் காட்டாது. நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் சிவப்பு எண்ணெய் காட்டிக்கொடுக்கும்.

காரோடு வரும் பில்டர், பிசின் தோய்த்த காகிதத்தை மடித்துச் செய்தது. அழுக்கேறினால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதைப் போடவேண்டும். கழுவும் பில்டர் பருத்தித் துணியைக் கம்பிவலைக்கு நடுவே வைத்து எண்ணெய் பூசியது. கலிபோர்னியாவின் கே அண்ட் என் நிறுவனம் 1960களின் இறுதியில் மோட்டார்சைக்கிள் பந்தயக்காரருக்காக இதைச் செய்யத் தொடங்கியது. பந்தயக்காரர் புழுதியில் பறப்பவர்கள். அண்ணை வேலைநாட்களில் ஈ-18 நெடுஞ்சாலை நெரிசலில் ஒஸ்லோவை நோக்கி ஊர்பவர்.

கழுவுதல் ஞாயிறு காலையில் நடைபெறும். நோர்வேயில் அன்று பெரும்பாலான கடைகள் பூட்டு. ஏதாவது பிழைத்தால் திங்கள்வரை வழியில்லை. அதனால்தானோ என்னவோ அண்ணை ஞாயிற்றையே தெரிவுசெய்கிறார். முதலில் சவர்க்காரத் திரவம் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடுவார். பிறகு உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக ஓடவிடுவார். கறுப்புத் தண்ணீர் இறங்கும்போது வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார். ஒருவரும் வராவிட்டால் கைபேசியில் படமெடுத்து ஊரிலிருக்கும் தம்பிக்கு அனுப்புவார்.

அடுத்தது காயவிடுதல். சூடுகாட்டக்கூடாது, காற்றடிக்கக்கூடாது, தானாகக் காயவேண்டும் என்பது விதி. தை மாதத் திராமனில் வெளியே வைத்தால் அது பனிக்கட்டியாகிவிடும். ஆகவே பில்டர் குளியலறையின் சூடேற்றிய தரைக்கு வரும். அந்தச் சூடு மட்டும் விதிக்குள் அடங்குமாம். பழைய பத்திரிகைத் தாளின்மேல் அதைச் சாய்த்துவைத்து, அரைமணிக்கொருதரம் பக்கம் மாற்றுவார். நீராவி பட்டால் திரும்ப ஈரமாகும் என்பதால் காயும்வரை யாரும் குளிக்கக்கூடாது.

“இஞ்சாருங்கோ, உந்தச் சாமானை எடுங்கோ. பிள்ளை குளிச்சிட்டு வேலைக்குப் போகவேணும்.”

“இன்னும் ஈரம் போகேல்லையப்பா. கொஞ்சம் பொறும்.”

பிள்ளை துவாயோடு வாசலில் நிற்கும்.

பில்டர் இல்லாமல் காரை ஓடக்கூடாது. காயும்வரை ஓடுவதற்கென்று அண்ணை ஒரு பேப்பர் பில்டரைப் பொலித்தீன் பையில் சுற்றிக் களஞ்சிய அறையில் வைத்திருப்பார். காகிதத்தை வேண்டாமென்று சொன்ன வீட்டில் காகிதம் இல்லாத நாள் கிடையாது.

காய்ந்தபின் எண்ணெய். மடிப்பு மடிப்பாகப் பூசி, சிவப்பு பரவும்வரை பார்த்திருந்து, வெளிறிய இடத்தில் இன்னொருதரம் தொடவேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால் அது பறந்துபோய்க் காற்றின் அளவைச் சொல்லும் சென்சரின் சூட்டுக் கம்பியில் படியும். எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கும். அண்ணையின் கை தாராளமான கை. விளக்கு எரிந்தால் சென்சர் தரமில்லை என்பார். ஒரு சென்சரின் விலைக்குப் பேப்பர் பில்டர் பல வாங்கலாம்.

மிச்சம் பிடிப்பதே அண்ணையின் முதல் வாதம். இங்கே ஓடும் கார்கள் பலவற்றில் பேப்பர் பில்டர் மாற்றவேண்டியது 60,000 கிலோமீற்றருக்கு ஒருதரம். வருடம் 12,000 கிலோமீற்றர் ஓடுபவருக்குப் பத்து வருடத்தில் இரண்டு பில்டர். கழுவும் பில்டர் ஒன்றே அந்த இரண்டின் விலையை விழுங்கிவிடும். சவர்க்காரத் திரவமும் எண்ணெய்ப் போத்தலும் தனிக்கணக்கு. இலாபம் கண்ணில்படுமுன் கார் பழைய இரும்புக்குப் போய்விடும்.

எரிபொருள் செலவு குறையும் என்பது இரண்டாவது வாதம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தது. எரிபொருளைக் கணினி அளந்து செலுத்தும் கார்களில், பில்டர் அடைத்துக் கிடந்தாலும் எரிபொருள் செலவு கூடவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. குறைந்த காற்றுக்கு ஏற்பக் கணினி பெற்றோலையும் குறைத்துவிடுகிறது. கார்புரேற்றர் காலத்துக் காரில் அப்படி அளக்க ஆளில்லை. அண்ணையிடம் இருப்பது 2014ஆம் ஆண்டுக் காரும் 1974ஆம் ஆண்டு அறிவும். பருத்தி பில்டரில் எஞ்சின் காற்றிழுக்கும் சத்தம் சற்றுக் கூடக் கேட்கும். அண்ணையின் காதில் அது ‘பவர்’.

தூசி பிடிப்பதிலும் பொதுவாகக் காகிதமே மேல். எஞ்சினைத் தேய்ப்பது கண்ணுக்குத் தெரியாத பொடி. ஆணி ரயர்கள் குளிர்காலம் முழுவதும் தார்வீதியைச் சுரண்டிவைக்க, பனி உருகியதும் அந்தப் பொடி கிளம்பும். அண்ணையோ பில்டரைக் கைபேசி வெளிச்சத்துக்குப் பிடித்து ஒற்றைக்கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

தன் காரோடு நின்றால் பரவாயில்லை. தமிழ்ப் பள்ளி வாகனத் தரிப்பிடத்தில் பிள்ளைகளைக் காத்திருப்பவர்களின் பொனட்டையும் திறப்பார். “தம்பி, சும்மா ஒருக்காப் பாப்பம்” என்று தொடங்கி, பெட்டியின் கிளிப்பை உடைத்துவிட்டு, “இது முந்தியே உடைஞ்சது” என்று முடிப்பார். மூடி சரியாகப் பொருந்தாத பெட்டியில் எந்த பில்டர் இருந்தும் பயனில்லை. காற்று இடுக்கு வழியே போய்விடும். அடுத்தவர் காரில் கைவைக்குமுன் கேட்பது மரியாதை. இதை எத்தனை பேர் சொல்லியும் அண்ணைக்கு ஏறவில்லை.

பழக்கம் ஊரிலிருந்து வந்தது. வன்னி வயல்களில் உழுத மசி பேர்குசன் 35இல் பில்டர் ஓர் எண்ணெய்த் தொட்டி. அடியில் சேர்ந்த சேற்றை வழித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் விட்டால் திரும்ப உழும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்புவார்கள். எறிந்துவிட்டுப் புதிது போட அங்கே புதிது இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு வாகனத்தை ஓடவைத்த கை, திராமனில் நல்ல சாமானைக் குப்பைத்தொட்டிக்குள் போட மறுக்கிறது. அதில் பிழை காண்பது கடினம்.

இந்த வகையினருக்கு இப்போது வேலை குறைந்துவருகிறது. நோர்வேக்குள் கார்கள் இறங்கும் மிகப்பெரிய துறைமுகம் திராமன்தான். ஆனால் இறங்கும் கார்கள் மாறிவிட்டன: 2024இல் நாட்டில் பதிவான புதிய கார்களில் ஏறக்குறைய 89 வீதம் முழு மின்சாரக் கார்கள். அவற்றில் எஞ்சின் இல்லை. எஞ்சினுக்குப் பில்டரும் இல்லை. பிள்ளைகளின் நெருக்குதலில் மின்சாரக் கார் வாங்கும் அண்ணை, முதல் வாரமே கையேட்டைப் புரட்டி, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றை வடித்துத் தரும் கபின் பில்டரைக் கண்டுபிடிப்பார். மணத்தைப் பிடிக்கும் கரிப்படை அதற்குள் இருக்கும். கழுவினால் அது கெட்டுப்போகும். இதைச் சொல்பவருக்கு அண்ணையின் பதில்: “அது விக்கிறவன் சொல்லுறது, தம்பி.”